எட்டங்குல மணை

என் மகனுக்கும் மகளுக்கும் ரம்பம் பிடிக்கத் தெரியாது. தச்சுவேலை தெரிந்த தகப்பன் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வீட்டில் இழைப்புளி இருந்தது, உளிகள் இருந்தன, பெஞ்ச் வைஸ் இருந்தது, மரம் எப்போதும் இருந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு மெய்யாகவே இருந்தது. ஆனாலும் அவர்கள் கற்கவில்லை. படிப்புச் சுமை, செல்போன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்றெல்லாம் கேட்டவர்களிடம் காரணம் சொல்லிவந்தேன். அத்தனையும் பொய். காரணம் நான்தான். அவர்கள் கையிலிருந்த கருவியை ஒவ்வொரு முறையும் நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இந்த வேலை பரம்பரையாக வந்ததல்ல. பத்து வயதில், எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது பார்த்துப் பழகியது. கதவு ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரியார் பின்கட்டு வேப்பமர நிழலில் பட்டறை போட்டிருந்தார். என் அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை ஒருமையில்தான் கூப்பிடுவார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு நேரே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். தகர டப்பாவில் வச்சிரம் காய்கிற வாடையும் தேக்குத் தூளின் வாடையும் கலந்து மூக்கில் ஏறும்.

ஒருநாள் அவராகவே ஒரு துண்டுக் கட்டையையும் சின்ன இழைப்புளியையும் என் பக்கம் நகர்த்தி, “இழைச்சுப் பாரு தம்பி” என்றார். அவ்வளவுதான் பாடம். தள்ளினேன். இழைப்புளி திக்கித் திக்கி நின்றது; மரம் நார்நாராகப் பிய்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அதேதான். பிறகொரு நாள் கட்டையைத் தற்செயலாகத் தலைமாற்றி வைத்துத் தள்ளினேன். அலகின் வாயிலிருந்து சுருள் ஒன்று அறுபடாமல் நீளமாக எழுந்து வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து, “ஓட்டம் புடிபட்டுருச்சா?” என்று கேட்டார்.

மரத்துக்கு ஓட்டம் உண்டு, நார் எழும்பிவரும் திசையிலேயே இழைத்தால் வழவழப்பாக வரும், எதிர்த்து இழைத்தால் பிய்யும் என்று முதல் நாளே அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லாமல் விட்டார். அதனால்தான் இன்றைக்கும் எந்தப் பலகையை எடுத்தாலும், கண் பார்ப்பதற்கு முன்பே என் விரல் அதன் பக்கவாட்டைத் தடவி ஓட்டத்தைத் தேடுகிறது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “படிக்கிற பிள்ளைக்கு உளி எதுக்கு? நீ என்ன ஆசாரி வீட்டுப் பிள்ளையா?” என்று ஆசாரியார் எதிரிலேயே கேட்டார். ஆசாரியாரோ தன் மகனைப் பட்டறைப் பக்கமே விட்டதில்லை. பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய பேச்சாக இருந்தது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று சொல்லி ஊரெல்லாம் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் இருந்த நியாயத்தை நான் அரசியல் மேடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தன் மகன் கையில் உளி ஏறிவிடக் கூடாது என்று பயந்த அந்தப் பெரியவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் வீட்டுப் பையனுக்கு உளி தலையெழுத்தாகிவிடும். எனக்கு அது விருப்பம் மட்டுமே. வேண்டாமென்றால் கீழே வைத்துவிட்டுப் போகலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அவருடைய வெட்டு ஒரு நூல் தப்பினால், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தப்பினால், கூலியில் பிடிப்பார்கள். என் பிள்ளைகளின் வெட்டு கோணினால் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை. கோணலுக்கு இடம்கொடுக்க முடியாத நிலையில் இருந்த மனிதர் என் கோணலைப் பொறுத்துக்கொண்டார். எந்த நெருக்கடியும் இல்லாமல், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு மரம் அறுத்த நான் பொறுக்கவில்லை.

மகன் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. நானே கூப்பிட்டு அவன் கையில் உளியைக் கொடுத்திருந்தேன். எட்டு வயதில் ஒருநாள் பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்க என் முக்கால் அங்குல உளியை எடுத்து நெம்பினான். நுனி பல்லுப்பல்லாகப் போய்விட்டது. கத்தினேன். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவன் சிநேகிதர்கள் வாசலில் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். எண்ணெய்க் கல்லில் கொஞ்ச நேரம் தேய்த்தால் சரியாகிவிடும் சேதம் அது. திருப்புளிக்கும் உளிக்கும் என்ன வித்தியாசம், உளியின் வாய் ஏன் அவ்வளவு சரிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது, எதை நெம்பலாம், எதை நெம்பக் கூடாது என்று நான் அவனுக்குச் சொல்லியதே இல்லை. தெரியாத ஒன்றுக்காக அடிவாங்கியவனைப் போல நின்றான். பிறகு அவன் என் பட்டறை இருந்த கார் ஷெட்டுக்குள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பையனுக்குக் கிரிக்கெட்டில்தான் நாட்டம் என்று சொல்லிக்கொண்டேன்.

மகள் வந்தாள். கூப்பிடாமலே வந்தாள். நான் வேலை செய்கிறபோது ஒரு ஓரமாக உட்கார்ந்து சுருள்களைப் பொறுக்கி மோதிரம்போல விரலில் மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். உப்புத்தாள் கொடுத்தேன். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220 என்று எண் ஏற ஏற நயமாகும் என்று சொல்லிக்கொடுத்து, நான் செய்து முடித்த பொருள்களைத் தேய்க்க விட்டேன். ஃபெவிகால் பிதுங்கினால் துடைக்கச் சொன்னேன். தூள் கூட்டச் சொன்னேன். மகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தது உளி. மகள் தானாக வந்தும் கொடுத்தது துணியும் துடைப்பமும். அவளுக்குக் கை அடிபட்டுவிடுமோ என்ற கவலை என்று அப்போது நினைத்தேன். அவன் கைக்கு அந்தக் கவலை எனக்கு ஏன் வரவில்லை என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று என் அப்பாவின் குரலிலேயே எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. வாயால் சொல்லாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

என் பிடிவாதத்துக்கு மரமும் ஒரு சாக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உத்திரத் துண்டு, உடைந்த கதவின் சட்டம் என்று பழைய பர்மா தேக்கு வாங்கிவருவேன். மேலே கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் ஏறி, விறகுபோலக் கிடக்கும். இழைத்தால் உள்ளே தேன் நிறத்தில் வரி வரியாக வைரம் தெரியும். பழைய மரத்தில் ஒடிந்த ஆணி மறைந்திருக்கும். பார்க்காமல் இழைத்தால் அலகு போச்சு. காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்து ஆணியைப் பிடுங்குவதே அரை நாள் வேலை. தேக்குக்குள் மணற்சத்து உண்டு. கருவி சீக்கிரம் மழுங்கும். சின்னப் பிள்ளை பழகுவதற்கு இது ஏற்ற மரமே அல்ல. ஆனால் அதைத்தான் கொடுத்தேன், கொடுத்துவிட்டு “இது பர்மா தேக்கு, பார்த்து அறு, வீணாயிரப் போகுது” என்றேன். வீணாகிவிடக் கூடாத மரத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒருவரைப் பழகச் சொல்வது எத்தனை கொடுமை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் ஏழாம் வகுப்பு முடித்த கோடை. பாட்டிக்கு ஒரு மணை செய்யப் போவதாகச் சொன்னாள். என் அம்மா அப்போது எங்களோடு இருந்தார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அளவு போட்டு எடுத்துவந்தாள்: மேல் பலகை ஒன்றரை அடிக்கு ஓரடி, கீழே குறுக்காக இரண்டு கால் பலகைகள். பார்த்தேன், சரி என்றேன். மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்தாள். நன்றாகவே கிழித்தாள். ரம்பத்தை எடுத்தாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். “முழங்கையை உடம்போட ஒட்டி வை” என்றேன். “ரம்பத்தைச் சாய்க்காதே” என்றேன். “கோட்டைப் பாரு.” அவள் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பித்தாள். “கோட்டைப் பாரும்மா, கோடு உள்ளே போகுது பாரு.” பாதி பலகைக்கு வந்தபோது வெட்டு கோட்டைவிட்டு இரண்டு நூல் விலகியிருந்தது. கால் அங்குலம். முதல் தடவை ரம்பம் பிடித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல வெட்டு. எனக்கு அந்தக் கோணல் உடம்பில் ஏதோ ஊறுவதுபோல இருந்தது. “கொடு இங்கே” என்றேன்.

அந்த இரண்டு சொல்தான் என் குற்றம். எத்தனை வருடம், எத்தனை வேலையில் அதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. “கொடு இங்கே. நான் செஞ்சு காட்டறேன், பார்த்துக்கோ.” செய்து காட்டுவதாகச் சொன்னேனே தவிர, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. கருவி என் கைக்கு வந்ததும் பிள்ளை பக்கத்தில் நிற்பதே எனக்கு மறந்துபோகும். மரமும் கோடும் மட்டும் இருக்கும். அந்த மறதியில் ஒரு சுகம் இருந்தது. அதை நான் கற்பித்தல் என்று அழைத்துவந்தேன்.

அவள் ரம்பத்தைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய்விட்டாள். நான் வெட்டைச் சீராக்கினேன். கால் பலகைகளுக்கு அவள் எட்டங்குல உயரம் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மணைக்கு இரண்டு, மூன்று அங்குல உயரம்தான் வழக்கம். பிள்ளை அளவில் தப்பு பண்ணியிருக்கிறாள் என்று எண்ணி இரண்டையும் மூன்றங்குலமாக அறுத்தேன். மேல் பலகையின் அடியில் காடி எடுத்து, கால்களைத் தட்டி இறக்கினேன். காகிதம் நுழையாத இணைப்பு. எண்ணெய் தடவிக் காயவைத்தேன். மறுநாள் காலையில் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், “பேத்தி செஞ்சது” என்று சொல்லி.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். “பாப்பா செஞ்சது” என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். “இல்லை, அப்பா செஞ்சது” என்று மகள் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். “ரொம்ப அடக்கம்” என்றேன் அவரிடம்.

அம்மா அந்த மணையில் உட்காரவே இல்லை. அதன் மேல் குத்துவிளக்கை வைத்தார். நல்ல சாமான், அழுக்காக்க மனமில்லாமல் பத்திரப்படுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அம்மா காலமாகி வெகுநாள் ஆயிற்று. போன வருடம்தான், வேறு ஏதோ பேச்சில், என் மனைவி சொன்னாள்: “அத்தைக்கு முட்டிவலி. தரையில உட்கார்ந்தா எந்திரிக்க முடியலை, பிளாஸ்டிக் ஸ்டூல் பூஜைக்கு ரொம்ப உசரமா இருந்துச்சு. அதான் அவ அத்தையை உட்கார வெச்சு, எழுந்திரிக்கச் சொல்லி, ஸ்கேல் வெச்சு அளந்து எட்டு அங்குலம்னு போட்டா. நீங்க அறுத்துத் தள்ளிட்டீங்க.”

அவள் தப்பாக அளக்கவில்லை. உட்காரப்போகிறவருடைய முழங்காலை அளந்து உயரம் போட்டாள். இத்தனை வருடம் மரவேலை செய்த நான் யார் உடம்பையும் அப்படி அளந்து எதையும் செய்ததில்லை. வழக்கமான அளவில் செய்வேன், துல்லியமாகச் செய்வேன். உட்காரப்போகிறவர் யார் என்று அவள் கேட்ட கேள்வி என் தலைக்குள் நுழையவே இல்லை. “ஏம்மா எட்டு அங்குலம்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் அம்மா தன் கடைசி வருடங்களில் வலியில்லாமல் உட்கார்ந்து சாமி கும்பிட்டிருப்பார்.

பிள்ளைகளுக்கு மரவேலை கற்பிப்பது பற்றிப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். ஸ்வீடனில் நாஸ் என்ற இடத்தில், 1870களில், ஒட்டோ சாலமன் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரவேலை கற்பிக்கும் ஒரு முறையை வகுத்தார். ஸ்லாய்ட் என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பே, 1866இல், பின்லாந்தின் பொதுப்பள்ளிகளில் ஊனோ சிக்னேயஸ் கைவேலையைப் பாடமாகப் புகுத்தியிருந்தார். சாலமனின் முறையில் பிள்ளை கையில் முதலில் கொடுப்பது ஒரு கத்தி. முதல் பொருள்கள் சின்னஞ்சிறு குச்சிகள், செடிக்கு முட்டுக்கொடுக்கும் கோல் போன்றவை. செய்வது வீட்டுக்குப் பயன்பட வேண்டும். மாணவர் செய்யும் பொருளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நம் நாட்டிலும் 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டுக்குப் பின், ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பு, வேளாண்மையோடு தச்சும் இருந்தது. ஆசாரியாருக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் என் கட்டையில் அவர் ஒருநாளும் கை வைக்கவில்லை.

பிள்ளைக்கு எதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் மரம் போதும். பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் கோதுமைக் கதிர் படத்தோடு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு அசையாமல் கட்டிவிட வேண்டும். பாதிக் கோணல் பலகை ஆடுவதால் வருவது. மேசை பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். என் உயரத்துக்குப் போட்ட மேசையில் என் மகள் தோளைத் தூக்கிக்கொண்டு அறுத்தாள், அந்த வெட்டு கோணாமல் என்ன செய்யும்? கட்டைவிரல் கணுவை ரம்பத்தின் பக்கவாட்டில் அணைகொடுத்து, முதலில் மெல்லப் பின்னுக்கு இழுத்துத் தடம் விழவைத்த பிறகுதான் தள்ள வேண்டும். சுட்டுவிரல் கைப்பிடியோரம் அறுக்கும் திசையைக் காட்டி நீண்டிருக்க வேண்டும். உளி பிடிக்கும்போது இரண்டு கையும் அதன் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். உளியைக் கூராகவே கொடுக்க வேண்டும். மழுங்கிய உளியைப் பலம் போட்டுத் தள்ளும்போதுதான் வழுக்கிக் கையில் இறங்கும். பலகை ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும். அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பேன். ஒரு பலகை பிளக்கட்டும். பிளந்த பிறகு, ஆணியின் கூரைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எட்டப் போய் உட்கார வேண்டும். அந்த ஒன்றுதான் எனக்கு வராத வித்தை.

மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். புதிதாகக் குடிபோன வீட்டில் புத்தக அலமாரி மாட்ட வேண்டும் என்று போன வருடம் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். நான் போன் பண்ணி, கருவிகளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். “நீங்க வேணாம்ப்பா” என்றாள் உடனே. அதற்குப் பின்தான் மனைவியோடு அந்தப் பேச்சு வந்தது, எட்டங்குலம் தெரியவந்தது.

போய்ப் பார்த்துச் சொன்னேன். ரம்பத்தைப் பிடுங்கியது தப்பு, காலை அறுத்தது தப்பு, நீ செய்தது என்று ஊராரிடம் சொன்னது அதைவிடத் தப்பு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். “பாட்டிகிட்ட நான் சொல்லியிருந்தேன்ப்பா, உங்களுக்குன்னு உசரமா செய்யறேன்னு. அதுதான் ரொம்ப நாள் கஷ்டமா இருந்துச்சு” என்றாள். பிறகு, “சரிப்பா” என்றாள். அலமாரியை நீயே மாட்டு, நான் பலகையை மட்டும் தாங்கிப் பிடிக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று கேட்டுப் பார்த்தேன். டிரில் போடுகிற ஆளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை வருகிறார் என்றாள்.

மகனிடம் இன்னும் பேசவில்லை. பெங்களூரில் இருக்கிறான். அந்த உளியை அவன் மறந்திருப்பான், இதைப் போய்ப் பெரிதாக எடுத்துப் பேசுவானேன் என்று மனசு சாக்குச் சொல்லிப் பார்க்கிறது. நான் அதை நம்பவில்லை. பொங்கலுக்கு வருகிறான், அப்போது சொல்லப்போகிறேன்.